ஸ்னோன்னு பேர் வச்சா பவுடர் எங்கன்னு கேப்பாங்க

கேள்வி: அக்கா, எனக்கு டிசம்பர் கடைசி வாரம் டேட் குடுத்துருக்காங்க. எங்க வீடு மன்னார்குடி பக்கம், மார்கழி பொறந்தா விடியக்காலம் கோலமும் திருப்பாவையும்தான். வீட்டுக்காரர் குடும்பம் வேளாங்கண்ணி பக்கத்து கிறிஸ்தவங்க. பொண்ணு பொறந்தா குளிர்காலமும் கிறிஸ்மஸும் சேந்த மாதிரி பேர் வைக்கணும்னு ஆசை. கனடால இருக்குற நாத்தனார் ஸ்னோ, ஹோலி, நோயல்னு ஒரு லிஸ்ட் அனுப்பிருக்காங்க, மாமியாருக்கு அது வாயில நுழையல, எங்கம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காங்க. என்ன பண்ண?
வாசகி, திருவாரூர்

பதில்: மொதல்ல லிஸ்ட்ட முடிச்சிருவோம். ஸ்னோன்னா நம்ம ஊருக்கு மூஞ்சில பூசுறதுதாம்மா, "ஸ்னோ வந்துட்டா, பவுடர் எங்க"ன்னு பள்ளிக்கூடத்துல ஒருத்தனாவது கேப்பான். ஹோலின்னா அவங்க ஊர்ல கிறிஸ்மஸுக்கு வாசல்ல கட்டுற முள்ளு இலையும் செவப்புப் பழமும் உள்ள செடி, இங்க கலர்ப்பொடி பண்டிகை. நோயல் அருமையான பேர்தான், பிரெஞ்சுல கிறிஸ்மஸுக்கே அதான் பேரு, 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த காரைக்கால் உங்களுக்குப் பக்கம்தானே, அங்க வச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா தமிழ்ல எழுதிப் பாரு, மொத ரெண்டு எழுத்துலயே "நோய" வந்து நிக்குது. உங்கம்மா இன்னும் ஒரு முழம் மூஞ்சியத் தூக்குவாங்க.

உண்மையில உங்க ரெண்டு வீட்டுக்கும் சண்டையே இல்லம்மா. டிசம்பர் 25 எப்பவும் மார்கழி 9, 10 வாக்குலதான் விழும். உங்கம்மா பூசணிப்பூ வைக்கிற அதே வாரத்துல மாமியார் குடில் கட்டுறாங்க, ரெண்டு பேரும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து தலைல துணி சுத்திக்கிட்டு நிக்கிறாங்க. மார்கழியும் தையும் சேந்ததுக்கு நம்மாளுங்க முன்பனின்னே பேர் வச்சிருக்காங்க. நமக்குப் பனின்னா ஐஸ் கெடையாது, சம்பாக் கதிர் நுனில தொங்குற சொட்டு, வரப்புல நாலு எட்டு வச்சா பாவாடை முழங்கால் வரைக்கும் ஈரமாயிரும், அந்தப் பனி. அதுல பேர் வேணும்னா பனிமலர், பனிமதி. தூத்துக்குடிப் பக்கம் பனிமயம்னு வப்பாங்க, அங்க இருக்குற பனிமய மாதாவால வந்த பேரு, அதுவும் நல்லாருக்கும், ஆனா அந்த மாதாவுக்குத் திருவிழா ஆகஸ்ட் 5! ரோம்ல ஒரு குன்று மேல அந்த வெயில் காலத்துல பனி பெஞ்சுதுன்னு கதை.

பனிமலர்ல ஒரு தொல்லை மட்டும் சொல்லிடறேன். எங்க சொந்தத்துல ஒரு புள்ளைக்கு இந்தப் பேரத்தான் வச்சாங்க, சர்ட்டிபிகேட்ல "பணிமலர்"னு மூணு சுழி போட்டு வந்துருச்சு, அதத் திருத்த அவங்கப்பா அலைஞ்ச அலைச்சல் இருக்கே, கடைசில "பணி செஞ்சே செத்தேன்"னு அவரே சொல்லிக்கிட்டார். எழுதிக் குடுக்குற தாள்ல பெருசா எழுதி ரெண்டு தடவ படிச்சிக் காமிங்க.

என்னைக் கேட்டா தாரகைன்னு வைங்க. சின்ன வயசுல எங்க தெருக்கோடி வீட்டுல மூங்கில் பிளாச்சுல நட்சத்திரம் கட்டி செவப்புத் தாள் ஒட்டி உள்ள பல்பு போட்டு வாசல்ல தொங்க விடுவாங்க, ஒரு வருஷம் ராத்திரி மழை அடிச்சி தாள் பூரா கரைஞ்சி வெள்ளைச் செவுத்துல செவப்பா வழிஞ்சி கெடந்துச்சு, காலைல பாத்தா வெறும் குச்சிக்கு நடுவுல பல்பு மட்டும் எரியுது, அதையும் நின்னு பாத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போனோம். கிறிஸ்மஸ்ல எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அதான். ஞானிகள் கிழக்க பாத்ததும் நட்சத்திரம்தானே. மாமியார் ஸ்டெல்லான்னு ஆசைப்பட்டாலும் லத்தீன்ல அர்த்தம் அதேதான், சொல்லிப் பாருங்க. வீட்ல கூப்புட தாரா. விண்மீன் மட்டும் வேணாம், மீன் கடைல ஆரம்பிச்சி நிறுத்த மாட்டானுங்க.

அவசரமும் இல்ல. பிறப்பை 21 நாளுக்குள்ள பதிஞ்சிருங்க, பேர் சேக்க 12 மாசம் வரைக்கும் கட்டணம் கெடையாது. புள்ள மொகத்தப் பாத்துட்டு, கொல்லைலேர்ந்து வாசலுக்கு ரெண்டு தடவ கூப்புட்டுப் பாத்துட்டு வைங்க.

கேள்வி: பேரன் டிசம்பர் 27ல பொறந்தான். எங்க வீட்டுல ஏற்கெனவே மூணு ஜோசப். வேற என்ன வைக்கலாம்?
வாசகர், திருக்காட்டுப்பள்ளி

பதில்: ஐயா, 27 யோவான் திருநாளாச்சே, அவருக்கு நம்ம பக்கத்துப் பழைய பேர் அருளப்பன் இருக்கே! ஒரு நாள் முன்னாடி பொறந்திருந்தா ஸ்தேவான், அதாவது முடியப்பன். தாத்தா பேர்னு புள்ளைங்க வெக்கப்படுதுங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. புதுசாத்தான் வேணும்னா வளன். வீரமாமுனிவர் தேம்பாவணியில சூசையப்பருக்கு, அதாவது ஜோசப்புக்கு வச்ச பேரு, அவர் இருந்த ஏலாக்குறிச்சி உங்களுக்குக் கொள்ளிடம் தாண்டினா வந்துருது. நாலாவது ஜோசப்பும் ஆச்சு, கூப்புட்டா மூணு பேரு திரும்பிப் பாக்கவும் மாட்டாங்க.

கேள்வி: கிறிஸ்மஸ்னே பேர் வைக்கலாமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: வைக்கலாம். கேக் எங்கன்னு கேக்குறவங்களுக்கு வருஷம் பூரா யார் வாங்கிக் குடுக்கறது?