மூடுபனி சாம்பலாக வருகிறதா? லென்ஸை விற்காதீர்கள்

கேள்வி: போன நவம்பரில் குடும்பத்தோடு கோத்தகிரி போயிருந்தோம். கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்த மூடுபனி, படத்தில் அழுக்குச் சாம்பலாக வந்திருக்கிறது. எங்கள் ஊர் கேமரா கடையில் காட்டினேன். கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு பெரிய லென்ஸும், பனியை வெட்டும் பில்டரும் வாங்குங்கள்" என்கிறார். நாற்பதாயிரம் ஆகுமாம். ஆகஸ்டில் மறுபடியும் நீலகிரி போகிறோம். 'மேகக் கடல் உத்தரவாதம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ டூர் விளம்பரம் வந்தது. அதில் சேரலாமா? (ஆசிரியை, கரூர்)

பதில்: முதலில் நாற்பதாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் படம் சாம்பலானதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இருக்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் போட்டு, படம் முழுக்க வேட்டி மட்டுமே தெரியும்படி எடுங்கள். பிறகு அதே மாதிரி ஒரு கறுப்புக் குடையை எடுங்கள். இரண்டு படங்களும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகத்தான் வரும். வெள்ளையையும் கறுப்பையும் கேமராவால் பிரித்தறிய முடியாது. எதைக் காட்டினாலும் "இது நடுத்தர வெளிச்சம் உள்ள பொருள்" என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். மூடுபனி என்பது மலை மேல் காயப்போட்ட வேட்டி. கேமரா அதைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று பயந்து குறைத்துவிடுகிறது. நடந்தது அவ்வளவுதான்.

இதற்கு மருந்து உங்கள் கேமராவிலேயே இருக்கிறது. கூட்டல், கழித்தல் குறி இரண்டும் சேர்ந்து போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தியபடி சக்கரத்தைத் திருப்பி +1 என்று வையுங்கள். பனி ரொம்ப அடர்த்தி என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். அதே வேட்டியை மறுபடி எடுத்தால் வேட்டி வெள்ளையாக வரும். மொபைலில் என்றால் திரையைத் தொட்டதும் வரும் சின்னச் சூரியனை மேலே இழுத்தால் போதும். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான், இதற்குக் காசு கிடையாது. காசு இல்லாததால்தான் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதில் நானே பல முறை ஏமாந்திருப்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பனி கலைந்து சூரியன் எட்டிப் பார்க்கும் நேரத்தில் +1 வேலை செய்யாது. கோடநாடு காட்சிமுனையில் ஒரு காலை. கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை, ரங்கசாமி மலை முகடு கண்ணுக்கே தெரியவில்லை. +1 வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன், படங்கள் சரியாகவே வந்தன. திடீரென்று மேகத்தில் ஓர் ஓட்டை விழுந்து ஒளிக்கற்றை ஒன்று பள்ளத்தாக்கில் இறங்கியது. இருபது விநாடி இருந்திருக்குமோ என்னவோ. பன்னிரண்டு படம் எடுத்தேன், பன்னிரண்டிலும் ஒளி விழுந்த இடம் வெறும் வெள்ளைக் காகிதம்! கூட்டி வைத்ததைக் குறைக்க மறந்துவிட்டேன். சாம்பலாக வந்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஓரளவுக்குத் தூக்கி நிறுத்தலாம். வெளுத்துப்போன இடத்தில் எந்த விவரமும் பதிவாகியிருக்காது, அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் வெயில் கீற்று தெரிந்த நொடியே கூட்டலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், கீற்று பளீரென்று இருந்தால் -1. மறுபடி மூடினால் மறுபடி +1. மலையில் நிற்கும்போது விரல் அந்தப் பொத்தானிலேயே இருக்கட்டும். இதே காரணத்தால், முக்கால் படம் கறுத்த பாறையோ தேயிலைச் சரிவோ இருந்து ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பனி என்றாலும் கூட்டாதீர்கள். இரவு படுக்கப் போகும் முன் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் படுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலைக்கு அந்தப் பழைய +1 அப்படியே காத்திருக்கும்.

சரி, கடைக்காரருக்கு வருவோம். எந்த லென்ஸுக்குள் டார்ச் அடித்தாலும் தூசி தெரியும். பெட்டி பிரிக்காத புது லென்ஸிலும் நாலு புள்ளி தெரியும். அதைக் காட்டி "பூஞ்சை" என்று சொல்வது இந்தத் தொழிலில் பழைய வித்தை, அந்த வித்தையின் முடிவில் எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தை கட்டாயம் வரும். உண்மையான பூஞ்சை புள்ளியாக இருக்காது. சிலந்தி வலை மாதிரி, சின்ன வேர்கள் கிளை விட்ட மாதிரி, கண்ணாடியின் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படரும். நீங்களே மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். இழை தெரியவில்லை என்றால் பூஞ்சை இல்லை. தெரிந்தாலும் பதற வேண்டாம், ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் சுத்தம் செய்ய முடியும். கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்ட பிறகுதான் ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸை ஒரு நாளும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். விட்டே ஆக வேண்டும் என்றால் அதன் மேலுள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, ரசீதில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையிலிருந்து லென்ஸோடு வெளியே வந்துவிடுங்கள்.

பனியை வெட்டும் பில்டர் என்று ஒன்று கிடையாது. மூடுபனி என்பது மிதக்கிற தண்ணீர்த் துளி. அது எல்லா நிற ஒளியையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. முன்னால் ஒரு கண்ணாடியை மாட்டி அதை வடிகட்ட முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், 'பாக் பில்டர்' என்ற பெயரில் உண்மையிலேயே ஒரு பொருள் உண்டு. அது படத்துக்குப் பனி மூடிய மாதிரித் தோற்றம் கொடுப்பதற்கு! சினிமாக்காரர்கள் வைத்திருப்பார்கள். உங்களுக்கு அதைத்தான் விற்கப் பார்த்தார்களோ தெரியவில்லை. ஆசைப்பட்டு ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் போலரைசர் என்ற பில்டர் ஒன்று வாங்குங்கள். மழைக்குப் பிறகு தேயிலை இலைகளில் அடிக்கும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிடும், பச்சை பச்சையாக வரும். மற்றபடி கேமராவோடு வந்த சாதாரண லென்ஸே போதும்.

அடுத்தது அந்த டூர். மேகக் கடல் என்பது நாம் மேலே நிற்க, கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பரந்து கிடப்பது. அதற்கு உத்தரவாதம் தருகிறவர் பொய் சொல்கிறார். அதுவும் ஆகஸ்டில்! மேகக் கடல் உருவாக முந்தைய நாள் மழை பெய்திருக்க வேண்டும், இரவு வானம் திறந்து குளிர வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை, மழை விட்ட மறுநாளில் இது அமையலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆகஸ்டில் அமைவது அபூர்வம். இதற்கு டூர்காரர் தேவையில்லை. காலை ஐந்து மணிக்குக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ விடுதிக்கு வெளியே வந்து பாருங்கள். மேலே நட்சத்திரம் தெரிகிறது, முந்தின இரவு கீழே தெரிந்த மேட்டுப்பாளையம் விளக்குகளைக் காணோம் என்றால், மேகம் உங்களுக்குக் கீழே கிடக்கிறது. டீ கூடக் குடிக்காமல் ஓடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அது கலைந்துவிடும்.

இந்த டூர்காரர்கள் செய்யும் இன்னொரு வேலைதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. "யாருக்கும் தெரியாத ஸ்பாட்" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார்கள். பல நேரம் அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன்படி குற்றம். வனக்காவலர் வந்தால் நீங்களும் பதில் சொல்ல வேண்டும், ஜீப்காரரை அந்த நேரத்தில் தேட வேண்டியிருக்கும். அட்வான்ஸ் அனுப்பும் முன் "அனுமதிக் கடிதத்தின் நகலை அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் பதிலே வராது.

அனுமதியோடு போகலாம் என்றால் அதற்கும் பொறுமை வேண்டும். ஓர் இடம் வனத்துறை, அடுத்தது தோட்டக்கலைத் துறை, அதற்கடுத்தது சுற்றுலாத் துறை, எல்லாவற்றையும் ஒரே மேசையில் முடிக்க வழியில்லை. சூரியன் ஆறேகாலுக்கு உதிக்கிறது, பல காட்சிமுனைகளின் கேட்டைத் திறப்பது அது நன்றாக மேலே ஏறிய பிறகு. அப்புறம் இந்தக் கேமராக் கட்டணம்! பத்து வருடப் பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தால் தனி டிக்கெட், ஒன்றரை லட்சம் ரூபாய் மொபைலுக்குக் கிடையாது. ஒரு கேட்டில் விளக்கம் கேட்டேன். "லென்ஸ் நீளமா இருந்தா கட்டணம் சார்" என்றார். நீங்கள் லென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு நடங்கள். இ-பாஸ் விஷயமும் நினைவிருக்கட்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது வந்தது. கிளம்பும் வாரத்தில் விதி என்ன என்று அரசுத் தளத்திலேயே பாருங்கள். அதை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

ஆகஸ்டில் எங்கே தங்குவது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். தென்மேற்கு மழை முதலில் மோதுவது கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான ஒரு நாள் மழை 82 செ.மீ. அந்தப் பக்கம் எச்சரிக்கை இருக்கும்போது போகவே கூடாது, படமும் கிடைக்காது, வெறும் வெள்ளைச் சுவர்தான். கிழக்கே கோத்தகிரியும் குன்னூரும் மலையின் மறைவில் இருப்பதால் அதே நாளில் அங்கே மழை குறைவாக இருக்கும், மேகம் மட்டும் முகட்டைத் தாண்டி உடைந்து உடைந்து வரும். உங்களுக்கு வேண்டிய படம் அதுதான். அங்கே தங்குங்கள். வெறும் பனியை எடுக்காமல், பக்கத்தில் கறுப்பாக ஒரு சில்வர் ஓக் மரமாவது இருக்கும்படி நில்லுங்கள், போகஸையும் அந்தத் தண்டின் விளிம்பில் வையுங்கள். பனியில் வைத்தால் லென்ஸ் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். தூறலுக்கு விடுதியில் தரும் பிளாஸ்டிக் ஷவர் கேப் போதும்.

இறங்கி வரும்போது கேமரா பையின் ஜிப்பை மூடியே வையுங்கள். பர்லியாறில் மங்குஸ்தான் கடைகளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தத் தோன்றும், கருஞ்சிவப்புப் பழக் குவியலைப் படம் எடுக்கவும் தோன்றும். மலைக் குளிரில் இருந்த கண்ணாடியை அந்தப் புழுக்கத்தில் திறந்தால் நொடியில் வேர்த்துவிடும், அந்த ஈரம் உள்ளே தங்கினால் கடைக்காரர் சொன்ன பூஞ்சை நிஜமாகவே வரும். அங்கே பழத்தை மட்டும் வாங்குங்கள். படத்தை மொபைலில் எடுத்துக்கொள்ளலாம்.