பெங்களூரில் சரக்கு வண்டியை நிறுத்தி ஃபைன் கேட்டால் அங்கேயே கட்ட வேண்டுமா? யார் கட்ட வேண்டும்?

உங்கள் தம்பி பெங்களூரில் குட்டியானை ஓட்டுகிறார், ஓவர்லோடு என்று ரோட்டிலேயே ஃபைன் போட்டார்கள், அதை ஓனர் சம்பளத்தில் பிடிக்கப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி பக்கம். கலாசிபாளையத்தில் பத்து வருடம் டிரைவராக இருந்தேன். இப்போது சொந்தமாக இரண்டு வண்டி ஓடுகிறது. இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அங்கேயே கட்டியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவுதான் ஸ்பாட் ஃபைனுக்கு வழி கொடுக்கிறது. மாநில அரசு வைத்த தொகையைக் கட்டினால் வழக்கு அதோடு முடிந்தது. தப்பு நம் மேல் இல்லை என்று நினைத்தால் கட்டாமல் கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம். அதற்காக லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். குடித்துவிட்டு ஓட்டிய கேஸுக்கு ஸ்பாட்டில் முடிக்கும் வழியே கிடையாது, நேரே கோர்ட்தான். எதுவானாலும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். "ரசீதி கொடி சார்" என்று கன்னடத்திலேயே மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள்.

ஓவர்லோடு கேஸ் மற்றதைப் போல இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மத்தியச் சட்டத்தில் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகச் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். சந்தேகம் வந்தால் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் மேடை என்று சட்டமே சொல்கிறது. எடை போட மறுத்தால் 40,000. அதனால் மறுக்கவே கூடாது. மாறாக, "எடை போட்டுப் பார்க்கலாம் சார்" என்று நாமே கேட்க வேண்டும். எடைச் சீட்டையும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சுக்கு இடமில்லை.

இனி யார் கட்டுவது என்பது. நான் டிரைவராக இருந்தபோது ஒரு கடையில் டைல்ஸ் ஏற்றினார்கள். ஸ்பிரிங் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இரண்டு நடையாக அடிக்கிறேன் என்று ஓனருக்குப் போன் போட்டேன். "பக்கத்துலதானேப்பா, போயிட்டு வந்துடு" என்றார். மைசூர் ரோட்டில் மறித்தார்கள். ஃபைனை அவர்தான் கட்டினார், ஆனால் மாதக் கடைசியில் முழுசாக என் சம்பளத்தில் பிடித்துவிட்டார். அந்த மாதம் ஊருக்கு நான் பணம் அனுப்பவில்லை. ஏன் என்று அம்மா கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

சட்டம் அவர் பக்கம் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும் ஓட்ட விட்டவரும் இந்தக் குற்றத்தில் சேர்த்தி. ஓட்டியவர் ஓனராக இல்லாவிட்டால், ஓனருக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் இது நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று 113-வது பிரிவில் எழுதியே இருக்கிறது.

அபராதமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால் பிரேக் பிடிக்காது, முன்னால் போகிற ஸ்கூட்டர்காரர் என்ன பாவம் செய்தார்? ஆனால் ஏற்றச் சொன்னவர் வீட்டில் இருக்க, ஓட்டியவர் பட்டினி கிடப்பது நியாயமில்லை. என் வண்டிகளில் பாரம், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் சம்பந்தமான ஃபைன் என்னுடையது. சிக்னல் தாண்டினால், போன் பேசிக்கொண்டு ஓட்டினால் டிரைவருடையது. வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிடுகிறேன்.

சும்மா காகிதம் பார்க்க மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது, கண்ணுக்குத் தெரிகிற மீறல் இருக்க வேண்டும் என்று 2022-ல் கர்நாடக டி.ஜி.பி.யாக இருந்த பிரவீன் சூட் உத்தரவு போட்டார். அப்படியே நிறுத்தினாலும் காகிதங்களைப் போனில் டிஜிலாக்கர் ஆப்பில் காட்டினால் செல்லும்.

தம்பியிடம் இரண்டு பொருள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்: எடைச் சீட்டு, அன்றைக்கு லோடு ஏற்றச் சொன்ன ஓனரின் வாட்ஸ்அப் மெசேஜ். அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். அதைக் காட்டிப் பேசிய பிறகும் ஓனர் பிடித்தம் செய்தால் இங்கேயே எழுதுங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.