பெயரைப் பார்க்காதீர்கள், கத்தியின் வாயைப் பாருங்கள்

மடக்குக்கத்தி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கருவிப் பட்டறையில், உருக்கைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கும் தோய்ச்சல் உலையோடு காலம் தள்ளிய ஒருவனின் பதில்கள்.

என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ‘செபென்சா’ என்றொரு மடக்குக்கத்தி வாங்கி வந்திருக்கிறான். விலை 450 டாலருக்கு மேலாம். காய் நறுக்கும் கத்தியைவிட அதில் அப்படி என்ன இருக்கிறது? – ஓசூர் வாசகர்

பையனைத் திட்டாதீர்கள், அவன் ஏமாறவில்லை. காய் நறுக்குவதில் உங்கள் வீட்டுக் கத்தி அதைத் தோற்கடித்துவிடும் என்பது வேறு விஷயம்.

அது இடாஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் கத்தி. ரீவ் தென்னாப்பிரிக்காவிலிருந்து போனவர். 1990களின் தொடக்கத்தில் அவர் இதைக் கொண்டுவந்தபோது, புதுமை பூட்டில்தான் இருந்தது; திறந்த அலகு கைமேல் மடங்காமல் தடுப்பது அந்தப் பூட்டு. அதற்கு முன் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கைவினைஞர் உருவாக்கிய லைனர் பூட்டில், பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு சாய்ந்து வந்து அலகின் அடியைத் தாங்கும். ரீவ் அந்தத் தகட்டையே எடுத்துவிட்டார். டைட்டானியப் பிடியின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் வெட்டு கொடுத்து, வெட்டுப்பட்ட பகுதியையே பூட்டாக்கினார். பிடியை இறுக்க இறுக்க உங்கள் விரல்களே பூட்டை அதன் இடத்தில் அழுத்தி வைத்திருக்கும். இன்று விலை உயர்ந்த மடக்குக்கத்திகளில் பாதிக்கு மேல் இந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளைகள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

டைட்டானியத்துக்கு ஒரு குணம் உண்டு. உருக்கின் மேல் உரசினால் ஒட்டிக்கொள்ளும். பூட்டைத் தள்ளவே கட்டைவிரல் வலிக்கும். சில கம்பெனிகள் பூட்டின் நுனியில் உருக்குத் துண்டு ஒன்றைத் திருகி வைக்கின்றன. இப்போதைய செபென்சா 31இல் சிறிய பீங்கான் உருண்டை பதித்திருக்கிறார்கள். கத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு, பூட்டு அலகைத் தொடும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள், அந்த உருண்டை தெரியும். பிறகு அலகின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். அசைவு இருக்கக் கூடாது. அதே சமயம் மூடித் திறக்கும்போது எங்கும் பிடிக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவர எவ்வளவு கடைசல் நேரம் போகும் என்று லேத் ஓட்டியவர்களைக் கேளுங்கள். பையன் கொடுத்த காசில் பெரும் பங்கு அங்கேதான் போயிருக்கிறது.

உருக்குக்கு இல்லையா என்றால், கொஞ்சம்தான். இந்தக் கத்தியின் அலகு ஏடிஎஸ்-34இல் தொடங்கி, பிஜி-42, எஸ்30வி, எஸ்35விஎன், எஸ்45விஎன் என்று உருக்கு வகை மாறி மாறி, இப்போது மேக்னாகட்டில் வந்து நிற்கிறது. எஸ்30வியை க்ரூசிபிள் என்ற அமெரிக்க உருக்காலை உருவாக்கியபோது ரீவும் அந்தப் பேச்சில் இருந்தவர். இத்தனை முறை உருக்கு மாறியும் கத்தி அதே கத்தியாகத்தான் இருக்கிறது.

கிடங்கில் வேலை. நாள் முழுக்க அட்டைப்பெட்டி பிரிக்கிறேன். எம்390, எஸ்90வி, மேக்னாகட்: மூன்றில் எது சீக்கிரம் மழுங்காது? – கோவை வாசகர்

அட்டையை மட்டும் வைத்துச் சொன்னால் எஸ்90வி. அதில் வனேடியம் என்ற உலோகம் 9 சதவீதம். வனேடியமும் கரியும் சேர்ந்து உருவாகும் கார்பைடு மணிகள் மிகக் கடினமானவை. அட்டையில் கலந்திருக்கும் தாதுத்துகள் அவற்றைத் தேய்க்கத் திணறும். சாதாரண வார்ப்பு முறையில் அவ்வளவு வனேடியம் சேர்த்தால் மணிகள் பெரிது பெரிதாகத் திரண்டு அலகு நொறுங்கிப்போகும். அதனால்தான் உருகிய உலோகத்தை வாயுவால் பீய்ச்சிப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்குகிறார்கள்.

ஆனால் அந்த மணிகள் அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லையும்விடக் கடினமானவை. உங்கள் கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் கை வலிக்குமே தவிர வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கூர் ஏறாது. வைரப் பொடி பதித்த தட்டு வேண்டும். அதை வாங்க மனமில்லை என்றால் எஸ்90வி உங்களுக்கு வேண்டாம்.

எம்390 ஆஸ்திரியாவின் போலர் ஆலைச் சரக்கு. குரோமியம் 20 சதவீதம், ஆனால் அதில் ஒரு பகுதி கார்பைடில் சிக்கிக்கொள்வதால் துருவைத் தடுக்க உதவாது. மேக்னாகட்டை 2021இல் வெளியிட்ட உலோகவியலாளர் லாரின் தாமஸ் இதைத்தான் யோசித்தார். குரோமியத்தைச் சுமார் 10.7 சதவீதமாகக் குறைத்து, குரோமியக் கார்பைடே உருவாகாதபடி கலவையை அமைத்தார். இருக்கிற குரோமியம் முழுதும் துருவைத் தடுக்கக் கிடைக்கிறது. சிறிய மணிகளால் வாய் எளிதில் உடைவதும் இல்லை. எனக்குக் கொடுத்தால் நான் எடுப்பது மேக்னாகட்.

இப்போது முக்கியமான சங்கதி. கூர் தீட்டிய சரிவு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, வெர்னியர் வைத்து அலகின் கனத்தை அளந்து பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் இருந்தால் அட்டையில் வழுக்கிக்கொண்டு போகும். 0.8 இருந்தால், எந்த உருக்கானாலும் ஆப்பு மாதிரி அட்டையைப் பிளந்துகொண்டுதான் போகும். கூர் மழுங்கிய பிறகும் மெல்லிய அலகு வெட்டிக்கொண்டிருக்கும். கனத்த அலகு புதிதாகத் தீட்டியபோதே திணறும். விளம்பரத்தில் உருக்கின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த அளவு இருக்காது. தோய்ச்சலும் அப்படித்தான். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 62க்கு மேல் ஏற்ற வேண்டிய மேக்னாகட்டை 59இல் விட்டவன், விலை உயர்ந்த உருக்கை வாங்கி அதை மலிவாக்கியவன்.

படகில் வேலை, உப்புத் தண்ணீரில் எந்தக் கத்தியும் தாங்கவில்லை. – தூத்துக்குடி வாசகர்

கரியில் ஒரு பகுதிக்குப் பதில் நைட்ரஜனை வைத்துக் கடினமாக்கும் எல்சி200என் உருக்கில் தேடுங்கள். ஸ்பைடர்கோ என்ற கத்தி நிறுவனத்தின் ‘சால்ட்’ வரிசையில் உண்டு. மேக்னாகட்டும் உப்பைத் தாங்கும். அலகு துருப்பிடிக்காவிட்டாலும் திருகாணிகள் பிடிக்கும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அலகு சுழலும் இடத்தில் பேரிங் போட்ட கத்தி படகுக்கு வேண்டாம், மணலும் உப்பும் உள்ளே புகுந்தால் கரகரவென்று ஆகிவிடும். வெண்கல வாஷர் போதும்.

அலகில் அலையலையாக டமாஸ்கஸ் கோலம் போட்ட மடக்குக்கத்திகளின் உருக்கு, பழங்காலத்தில் இரும்புத் தொழில் நடந்த நம் கொடுமணலில் செய்த வகையா? – காங்கயம் வாசகர்

இல்லை. கொடுமணலில் கிடைத்திருப்பது மூசையில், அதாவது மண் குடுவையில், உருக்கிய உருக்கின் தடயம். அந்த வகை உருக்கில் கோலம் ஒரே கட்டிக்குள் கார்பைடு வரிவரியாக அமைவதால் தானே வருவது. இன்றைய விலை உயர்ந்த கத்திகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டு உருக்குகளை அடுக்கி ஒட்டி முறுக்கியது, அல்லது ஸ்வீடனின் டமாஸ்டீல் ஆலை துருப்பிடிக்காத உருக்குப் பொடிகளிலிருந்து செய்வது. அழகுக்குக் காசு கொடுங்கள், தப்பில்லை, வரலாற்றுக்காகக் கொடுக்காதீர்கள்.

அவ்வளவு பணம் இல்லாதவனுக்கு? – பெரியகுளம் வாசகர்

ஒபினெல் எண் 8. பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890 முதல் செய்கிறார்கள். பீச் மரப்பிடி, 8.5 சென்டிமீட்டர் அலகு. அலகைப் பூட்டச் சுழலும் வளையம் 1955இல் வந்தது. துருப்பிடிக்காத வகையை வாங்குங்கள். அதன் உருக்கில் பெருமைப்பட எதுவுமில்லை, ஆனால் அலகு மெல்லியது. மாம்பழம் அரிவதில் செபென்சாவை மிஞ்சும். மழைக்காலத்தில் மரம் ஊறி அலகு வெளியே வராமல் அடம் பிடிக்கும். நகத்தால் இழுத்து நகத்தை உடைத்துக்கொள்ளாதீர்கள். வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள், அலகு தானாக எட்டிப் பார்க்கும்.