கத்தோலிக்கரோடு கூட்டறிக்கையில் கையெழுத்திடுவதில் சுவிசேஷ சபையாருக்குள் ஏன் கருத்து வேறுபாடு?

இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை எழுதித் தலைவர்கள் கையெழுத்திடுவதே கூட்டறிக்கை. வேளாங்கண்ணிக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே வாழும் நமக்கு இரு சபையாரும் அக்கம்பக்கம்தான். சர்ச்சை வெடித்தது அமெரிக்காவில், 1994-இல். 'சுவிசேஷ சபையாரும் கத்தோலிக்கரும் ஒன்றாக' என்ற கூட்டறிக்கை அப்போது வெளியானது. சுவிசேஷ சபை இறையியலாளர்கள் இருவரில் ஜே. ஐ. பாக்கர் அதில் கையெழுத்திட்டார், ஆர். சி. ஸ்ப்ரோல் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

மனிதன் கடவுள் முன் நீதிமானாவது எப்படி என்பதே பிரச்சினையின் வேர். விசுவாசத்தால் மட்டுமே என்பது, சுவிசேஷ சபையார் உள்ளிட்ட சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகளின் அடித்தளம். அந்தப் போதனையை 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் கண்டித்தது. 1994 அறிக்கையோ 'கிருபையால், விசுவாசத்தின் மூலம்' என்பதோடு நிறுத்திக்கொண்டு, 'மட்டுமே' என்று சொல்லாமல், இரு தரப்பும் கிறிஸ்துவில் சகோதரர் என்றது. மையக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்ற எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் கேட்டுக் கடைமடை விவசாயிகள் சேர்ந்து மனு கொடுக்கலாம். அதே மனுவில் 'எங்கள் வரப்புத் தகராறு தீர்ந்தது' என்று ஒரு வரி இருந்தால், தகராறு தீராதவர் எப்படிக் கையெழுத்திடுவார்? ஆகவே முதலில் பார்க்கவேண்டியது, அறிக்கை பொதுக் கோரிக்கையோடு நிற்கிறதா, 'நம் சுவிசேஷம் ஒன்றே' என்றும் சொல்கிறதா என்பது. கருக்கலைப்பு, திருமணம், சமயச் சுதந்திரம் பற்றிய 2009 மன்ஹாட்டன் பிரகடனம் என்ற கூட்டறிக்கையையும் ஸ்ப்ரோல் இதே காரணத்தால்தான் மறுத்தார்.

மறுப்பவர்கள் கத்தோலிக்கரை வெறுப்பவர்கள் என்று நினைப்பது தவறு. கருக்கலைப்பு எதிர்ப்பில் ஸ்ப்ரோல் அவர்கள் பக்கமே நின்றார்.