சம்பளம் வாங்கும் வேலைக்குக் கிரெடிட் கிடைக்குமா?

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணக்கியல் படிக்கிறேன். மாலை வேளைகளில் ஓர் அலுவலகத்தில் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் வாங்காத பயிற்சிக்கு மட்டுமே கல்லூரி கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) தரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?

பதில்: உங்கள் கல்லூரியின் விதியில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, உண்மை இல்லை. 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களைக் கொண்டு ‘கோ-ஆப்’ எனப்படும் கல்வி முறையைத் தொடங்கியபோதே, ஒரு வாரம் வகுப்பிலும் மறு வாரம் தொழிற்கூடத்திலும் இருந்த அம்மாணவர்கள் செய்த வேலைக்குக் கூலி பெற்றார்கள். (பெயரைக் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துவிடாதீர்கள், கல்லூரியும் தொழில் நிறுவனமும் சேர்ந்து கற்பிப்பதால் வந்த பெயர் அது.)

நண்பர்கள் குழம்புவது வேறோர் இடத்தில் என்று நினைக்கிறேன். உங்கள் உழைப்புக்கு நிறுவனம் சம்பளம் தருகிறது. அந்த உழைப்பின் வழியே நீங்கள் புதிதாகக் கற்றுக்கொண்டதற்குக் கல்லூரி கிரெடிட் தருகிறது. ஆண்டு முழுவதும் ரசீதுகளைப் பார்த்துப் பேரேட்டில் எடுத்தெழுதும் வேலையை மட்டுமே செய்திருந்தால், முதல் மாதத்துக்குப் பிறகு நீங்கள் கற்றது என்ன என்று பேராசிரியர் கேட்பார்; அந்தக் கேள்வி நியாயமானதே. அதே அலுவலகத்தில், நிறுவனத்தின் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கி, இருப்பு ஏன் ஒத்துவரவில்லை என்று தேடிக் கண்டறிந்து, அதை அறிக்கையாக எழுதிக் காட்டினால் நிலைமை வேறு.

ஆகவே அடுத்த பருவம் தொடங்கும் முன்பே துறைத்தலைவரைப் பாருங்கள். முடிந்துபோன வேலைக்குப் பின்தேதியிட்டுக் கிரெடிட் தரப் பெரும்பாலான கல்லூரிகள் இசைவதில்லை. என்ன கற்கப் போகிறீர்கள், எத்தனை மணி நேரம் வேலை செய்வீர்கள், யார் மதிப்பிடுவார் என்பவற்றை எழுதி, நீங்களும் வழிகாட்டும் ஆசிரியரும் அலுவலக மேலாளரும் கையெழுத்திடுவதே வழக்கம். மணிக்கணக்கு இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் 1 கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அறிக்கை எழுதும் நேரமும் அதில் அடங்கும்.

இரண்டு விஷயங்களை மறக்காமல் கேளுங்கள். கிடைக்கும் கிரெடிட் பட்டத்துக்குத் தேவையான மொத்தத்தில் சேருமா, அல்லது மதிப்பெண் பட்டியலில் ஒரு குறிப்பாக மட்டும் நிற்குமா என்பது ஒன்று. அதற்குக் கட்டணம் உண்டா என்பது மற்றொன்று. கிரெடிட் கணக்கில் கட்டணம் வாங்கும் கல்லூரியில், வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடக்கூடும்.

கேள்வி: படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஏழு ஆண்டுகள் வேலை பார்த்த பின் மீண்டும் கல்லூரியில் சேர்கிறேன். அந்த அனுபவம் முழுவதும் வீண்தானா?

பதில்: வீண் இல்லை, ஆனால் அதற்கு வழி வேறு. ‘முன்கற்றல் மதிப்பீடு’ என்ற பெயரில் தேர்வு, நேர்காணல், ஆவணத் தொகுப்பு ஆகியவற்றின் மூலம் பழைய அனுபவத்தைச் சில கல்லூரிகள் கிரெடிட்டாக மாற்றித் தருகின்றன. பிரான்சில் 2002ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அனுபவத்தை நடுவர் குழுவின் முன் நிறுவுபவர் முழுப் பட்டத்தையே பெறலாம் என்று வகைசெய்தது. பணிச்சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. அது நீங்கள் அங்கே இருந்ததைச் சொல்லுமே தவிர, என்ன செய்யத் தெரிந்துகொண்டீர்கள் என்பதைச் சொல்லாது. நீங்களே தயாரித்த அறிக்கைகள், வரைபடங்கள், பயிற்சிக் குறிப்புகள் ஆகியவற்றை நிறுவனத்தின் அனுமதி பெற்று, வாடிக்கையாளர் விவரங்களை மறைத்து, வேலையை விடும் முன்பே தொகுத்துக்கொள்ளுங்கள்.