கலே போன கோதுமையும் செங்குன்றம் போன அரிசியும்

கேள்வி: வேலூரில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டு பிரான்சின் கலே நகரை முற்றுகையிட்ட காலத்து ஆணைகளை வைத்து புராஜெக்ட் செய்கிறேன். வியாபாரிகள் தானியம் ஏற்றிப் போகத் தரும் அனுமதிகளில் ஒரே மாதிரி வரிகள் வருகின்றன: கலேக்கு மட்டும், வேறெங்கும் கூடாது, பிணை கொடுக்க வேண்டும், இறக்கியதற்குக் கடிதம் கொண்டுவர வேண்டும். படைக்குச் சாப்பாடு வேண்டிய அரசர், கொண்டு போகிறவரையே ஏன் இப்படிக் கட்டிப்போட வேண்டும்? இந்த அனுமதிகளைக் கூட்டி, மொத்தம் எவ்வளவு தானியம் போனது என்று எழுதலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், கூட்டாதீர்கள். ஏன் என்பது முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் மாமா ஆரணியில் அரிசி மண்டி வைத்திருந்தார். லாரியில் லோடு ஏற்றி செங்குன்றத்துக்கு அனுப்பும்போது டிரைவருக்கு வாடகையில் பாதிதான் கையில் கொடுப்பார். அங்கே சரக்கை இறக்கி, வாங்கியவர் கையெழுத்தும் சீலும் போட்ட சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் மீதி. சீட்டின் மூலையில் அரிசி மாவு ஒட்டியிருக்கும், மாமா அதை ஊதிவிட்டு மூட்டைக் கணக்கைச் சரிபார்த்து கம்பியில் குத்தி வைப்பார். நீங்கள் படிக்கும் ஆணைகளில் "இறக்கியதற்குக் கடிதம்" என்று வருவது இதேதான், லாரிக்குப் பதில் கப்பல்.

இங்கிலாந்துக் கரையிலுள்ள டோவரிலிருந்து கலே சுமார் 40 கிலோமீட்டர், ஏறக்குறைய வேலூரிலிருந்து ஆரணி போகிற தூரம். ஆனால் சாலையில் போகும் லாரியை நடுவில் நிறுத்திப் பார்க்கலாம், கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டில் ரேஷன் அரிசியைப் பிடிப்பது போல. இங்கிலாந்தின் சாண்ட்விச் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய கப்பல் கலேக்குப் போனதா, எதிரியின் நார்மண்டிக் கரைக்குத் திரும்பியதா என்பதற்கு வியாபாரியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பசி எங்கே அதிகமோ அங்கேதான் விலையும் அதிகம் என்பது எந்த மண்டிக்காரருக்கும் தெரியும், சண்டைக் காலத்தில் அந்தப் பசி பல சமயம் எதிரியின் பக்கமே இருந்துவிடும்.

கலேக்குள் இருந்த பசி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கடிதமே இருக்கிறது. முற்றுகை 1346 செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து 1347 ஆகஸ்ட் தொடக்கம் வரை, பதினோரு மாதம் நடந்தது. கடைசி மாதங்களில் கோட்டைத் தளபதி ஜான் த வியேன் பிரெஞ்சு அரசருக்கு எழுதி அனுப்பினார்: குதிரை, நாய் எல்லாம் தின்று தீர்த்துவிட்டோம், இனி ஒருவரை ஒருவர் தின்பதுதான் பாக்கி. கடிதம் கொண்டுபோன கப்பல் ஆங்கிலேயரிடம் சிக்கப்போகிறது என்றதும் அதை ஒரு கோடரியில் கட்டிக் கடலில் வீசினார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையில் கிடந்து ஆங்கிலேயர் கையிலேயே கிடைத்தது! எட்வர்டு படித்துவிட்டு, தன் முத்திரையும் வைத்து, பிரெஞ்சு அரசருக்கே அனுப்பி வைத்தாராம். இப்படிப்பட்ட நேரத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று வழி தவறி எதிரி கைக்குப் போனால் அரசருக்கு வெறும் நஷ்டமில்லை, முற்றுகையே நீண்டுபோகும்.

வேலூரில் இருக்கிறீர்கள், கோட்டை அகழி ஓரமாய் நடக்கும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1781இல் ஹைதர் அலியின் படை சூழ்ந்து நின்றபோது இந்தக் கோட்டைக்குள்ளும் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் சென்னையிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் உள்ளே மூச்சு வந்தது. அயர் கூட்டின் படை தின்ற அரிசியில் பெரும் பங்கு வங்காளத்திலிருந்து கப்பலில் வந்தது, ஏனென்றால் வட ஆற்காட்டு வயல்களெல்லாம் அப்போது குதிரைக் குளம்படியில் கிடந்தன.

சரி, கட்டுப்பாட்டுக்கு வருவோம். வெறும் கெடுபிடி என்று மட்டும் அதைப் படிக்காதீர்கள், வியாபாரிக்கும் அதில் லாபம் உண்டு. அரசு ஆட்கள் ஊர் ஊராகப் போய் அரசர் பெயரில் தானியத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை இருந்தது, பர்வேயன்ஸ் என்பார்கள். நம்மூர் மில்காரர்கள் லெவி என்று, அதாவது அரசுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு என்று, புலம்பியதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிட மோசம். கையில் காசு வராது, கீறல் போட்டு இரண்டாகப் பிளந்த மரக்குச்சியில் ஒரு பாதிதான் வரும், அதை வைத்துக்கொண்டு பணத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். மக்களின் வெறுப்பு தாங்காமல் 1362இல் ஒரு சட்டம் போட்டு அந்தப் பெயரையே மாற்றினார்கள். ஆகவே, அரசர் முத்திரையிட்ட அனுமதி இருந்தால் சரக்கை வழியில் யாரும் பறிக்க மாட்டார்கள் என்பது வியாபாரிக்குப் பெரிய விஷயம். கலேக்கு வெளியே எட்வர்டு ஒரு ஊரையே எழுப்பி, புதன், சனி இரண்டு நாளும் சந்தை கூட்டினார், வியாபாரி தானாக விரும்பி வந்து விற்க வேண்டும் என்றுதான். ஒரு பக்கம் சந்தை காட்டி இழுப்பது, மறுபக்கம் பிணை வாங்கி விலங்கு போடுவது, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

இப்போது உங்கள் கூட்டல் கணக்கு. அனுமதி என்பது போகலாம் என்ற அனுமதி மட்டும்தான், போனதற்கான ரசீது இல்லை. நூறு குவார்ட்டருக்கு அனுமதி வாங்கியவர் நாற்பதோடு நிறுத்தியிருக்கலாம், காற்று சாதகமில்லை என்று கிளம்பாமலே இருந்திருக்கலாம், அரசரின் ஆட்கள் அவருடைய கப்பலையே போர்க்கப்பலாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அதுவும் அந்தக் காலத்தில் சகஜம். (குவார்ட்டர் என்றதும் சிரிக்காதீர்கள், அது தானிய அளவு. கோதுமையில் சுமார் 200 கிலோ, நம் 75 கிலோ மூட்டையில் இரண்டரை, மூன்று வரும்.)

ஆகவே ஒவ்வொரு ஆணையிலும் தொகையைவிட வேறு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆணை யாருக்கு எழுதப்பட்டது (பெரும்பாலும் துறைமுகச் சுங்க வசூல்காரருக்கு), பிணை நின்றது யார், கடிதம் யாரிடமிருந்து வர வேண்டும், எத்தனை நாளுக்குள் வர வேண்டும். அரசாணைகளைப் பதிந்து வைத்த தோல் சுருள்களான பேட்டன்ட் ரோல், குளோஸ் ரோல் இரண்டோடு நிறுத்திவிடாமல் பிரெஞ்சு ரோலையும் பாருங்கள், பிரான்ஸ் போர் சம்பந்தமான அனுமதிகள் அதில்தான் நிறைய. ஒரு எச்சரிக்கை, அச்சில் வந்த ஆங்கிலச் சுருக்கங்களில் பிணை பற்றிய வரியைப் பல இடங்களில் வெட்டியிருப்பார்கள். சுருக்கத்தில் இல்லை என்பதால் மூலத்திலும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், நான் பார்த்த புராஜெக்டுகளில் அடிக்கடி வரும் தப்பு இது.

உண்மையில் எவ்வளவு இறங்கியது என்று தெரிய வேண்டுமானால் மறுமுனைக்குப் போக வேண்டும், படையின் உணவுப் பண்டகப் பொறுப்பாளர் கொடுத்த வரவு செலவுக் கணக்குக்கு. ஆனால் அதிலும் அரசர் பெயரில் வந்து சேர்ந்த தானியம்தான் இருக்கும். வியாபாரி சந்தையில் வைத்துச் சிப்பாயிடம் கைக்குக் கை விற்றதை யார் எழுதி வைத்தார்கள்?

எம்.ஏ. புராஜெக்டுக்கு மொத்தக் கடலையும் அள்ள வேண்டாம். ஒரே ஒரு துறைமுகம், 1347 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை, அது போதும். அதில் கடிதம் வராததால் பிணை நின்றவரைக் கூப்பிட்டு விசாரித்த ஆணை ஒன்று கிடைத்தால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதிலிருந்து எழுத ஆரம்பியுங்கள்.