பதினாறு வயசு இடதுகைப் பையன் எவ்வளவு தூரம் போவான்?

வாழப்பாடிப் பக்கம் நடந்த ஓர் அண்டர்-16 கிரிக்கெட் ஆட்டத்தில் இடதுகை வேகப்பந்து வீசும் பையன் ஒருவன் 6 விக்கெட் எடுத்தான். ஒன்றரை நிமிட வீடியோ சேலம் முழுக்கச் சுற்றியது. அதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கிளப்புகள் ஆடும் சென்னை டிவிஷன் லீக்கில் பதினோரு வருஷம் பந்து வீசியவன். இப்போது சனி, ஞாயிறுகளில் இங்கே பையன்களுக்குச் சொல்லித் தருகிறேன். இவனை மூன்று முறை நேரில் பார்த்திருக்கிறேன். அவன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

தாரமங்கலத்திலிருந்து ஒரு ரசிகர்: அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. அடுத்த நட்டு இவன்தானே?

இல்லை தம்பி. பையன் மோசம் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியே தப்பு. நட்டு என்று நீங்கள் மனதில் வைத்திருப்பது, நம் சேலத்துக்காரர் நடராஜன் 29 வயதில் போட்ட யார்க்கரை, பேட்டரின் காலடியில் விழும் பந்தை. 16 வயதில் அவர் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து போட்டுக்கொண்டிருந்தார். தோல் பந்தே 20 வயது வாக்கில்தான் கைக்கு வந்தது. அப்புறம் சென்னையில் நான்காம் டிவிஷனில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏறினார். 2015 ஜனவரியில் ரஞ்சியில், அதாவது மாநில அணிகள் மோதும் போட்டியில், அறிமுகம். அந்த ஆட்டத்திலேயே பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார். முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. கையை உடைத்துப் புதிதாகச் செய்த மாதிரி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திரும்பி வந்தார். 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி. அடுத்த வருஷம் 40 லட்சம்தான், அந்த 2018, 2019 இரண்டு சீசனும் ஐபிஎல்லில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்கு ஆடினார்.

16 வயதில் அவரைப் பார்த்து இதையெல்லாம் யாராவது கணித்திருப்பார்களா? நான் நிச்சயமாகக் கணித்திருக்க மாட்டேன்.

அம்மாபேட்டை, கல்லூரி அணி வீரர்: நேர்ல பார்த்தப்ப எதைக் கவனிச்சீங்க? 6 விக்கெட்னா சும்மாவா?

விக்கெட்டைக் கடைசியாகப் பார்ப்பேன். அந்த ஆறில் மூன்று, கடைசியில் இறங்கும் வால் பகுதி ஆட்டக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியது. ஒன்று தரையில் குத்தாமலே போன ஃபுல்டாஸ், மிட்விக்கெட்டில் கேட்ச். வீடியோவில் அந்த ஃபுல்டாஸுக்கும் பின்னணி இசை போட்டிருக்கிறார்கள்!

அவன் ஸ்பெல், அதாவது தொடர்ந்து வீசிய ஓவர்கள், முடிந்து தண்ணீர் இடைவேளை விட்டதும் நான் பந்து வீசும் கிரீஸ் கோட்டுக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தடத்தைப் பார்த்தேன். இடதுகைக்காரனுக்கு முன்கால் வலது கால். ஐந்து ஓவர், முப்பது முறை அந்தக் கால் தரையில் அறைந்திருக்கிறது. எல்லாத் தடமும் என் உள்ளங்கை அகலத்துக்குள் ஒரே குழியாக விழுந்திருந்தது. ஸ்பைக் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில், நேராகப் பேட்டரைப் பார்த்து. டென்னிஸ் பந்தில் வளர்ந்த பையன்களின் தடம் கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் ஓர் இடம். ஒரே இடத்தில் மிதிப்பதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு இரண்டு வருஷம் பிடிக்கும். இவனுக்கு அது தானாக வந்திருக்கிறது. மூன்று முறையும் போய்ப் பார்த்தேன், மூன்று முறையும் அப்படியேதான்.

இரண்டாவது, மணிக்கட்டு. கைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் சீம், அதாவது பந்தின் தையல், ஆடாமல் நிமிர்ந்து போகிறது. ஆனால் பந்து எப்போதும் வலதுகை பேட்டரைத் தாண்டி வெளியேதான் போகிறது. உள்ளே வருகிற பந்து இன்னும் இல்லை. அது இல்லாத இடதுகைக்காரனை நல்ல பேட்டர் பந்தைத் தொடாமல் விட்டே சமாளித்துவிடுவான்.

மூன்றாவது, அடி வாங்கிய அடுத்த பந்து. முதல் ஆட்டத்தில் பவுண்டரி போனதும் கோபத்தில் பவுன்சர் போட்டான், அதுவும் பவுண்டரி. மூன்றாவது ஆட்டத்தில் பவுண்டரி போனதும் மெதுவாக நடந்து, ஓடி வரத் தொடங்கும் இடத்தில் நின்று, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அதே லெங்த்தில், பந்து அதே இடத்தில் குத்தும்படி, மறுபடி போட்டான். இரண்டு மாத இடைவெளியில் இந்த மாற்றம். ஆறு விக்கெட்டைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

ஓமலூர், இன்னொரு பயிற்சியாளர்: வேகம் எவ்வளவு சார்?

ஸ்பீடு கன்னில் நல்ல பந்து 118 கிலோமீட்டர். வயசுக்கு நல்ல வேகம். ரஞ்சிக்கு இன்னும் பத்துப் பதினைந்து ஏற வேண்டும். ஏறுமா என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். பையனுக்கு மீசை அரும்பிவிட்டது, தோள் விரிந்துவிட்டது. வளர்ச்சியில் பெரும்பகுதி முடிந்திருக்கலாம்.

இன்னொன்று. இந்திய கிரிக்கெட் வாரியத்தின் வயதுக் கணக்கு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. இவன் அக்டோபரில் பிறந்தவன், அந்தத் தேதியில் 16 முடியவில்லை. அதனால் அண்டர்-16 கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் மூத்தவன். எதிரே நின்ற பையன்களில் சிலர் இவனைவிடப் பத்து மாதம் சின்னவர்கள். அந்த வயதில் பத்து மாதம் என்றால் உடம்பில் பெரிய வித்தியாசம். அடுத்த சீசனில் அண்டர்-19 போனால் இவன்தான் சின்னவன். உண்மையான மதிப்பெண் அப்போதுதான் தெரியும்.

ஃபேர்லேண்ட்ஸ், ஓர் அம்மா: என் பையன் ஜூன் மாசம் பிறந்தவன். ஆள் சின்னதா இருக்கான்னு ரெண்டு வருஷமா செலக்‌ஷன்ல எடுக்கவே இல்லைங்க. விட்டுடலாமா?

விடாதீங்கம்மா. மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம்தான் உங்கள் பையன். ஜூனில் பிறந்தவன் அந்தக் கூட்டத்தில் கடைக்குட்டி. தேர்வாளர்கள் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. நூறு பையன்களை அரை நாளில் பார்க்கும்போது பெரிய உடம்புதான் கண்ணில் படும். எலும்பு வயதை இடது மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுகூட வயதைக் குறைத்துக் காட்டுகிறவர்களைப் பிடிக்கத்தான். தாமதமாக வளர்கிறவனுக்கு அதனால் தனிச் சலுகை எதுவும் கிடையாது. இரண்டு வருஷம் பொறுங்கள். அதுவரை அவன் பந்து வீசும் முறையை யாரும் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையனின் அப்பா: சார், பள்ளி அணி, கிளப், அப்புறம் ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட். எல்லாத்துக்கும் கூப்பிடறாங்க. எவ்வளவு போடலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று ஆட்டம் ஆடினான் என்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வளரும் வயதில் வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு முதுகெலும்பின் கீழ்க் கணுக்களில் கீறல் விழுவது சாதாரணம். பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம், அதாவது இவனுக்கு வலதுபுறம். ஒரே நாளில் உடைவதில்லை. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது மாதிரி. இங்கிலாந்து வாரியம் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 6 ஓவர், நாளுக்கு 12 ஓவர் என்று வரம்பு வைத்தது. 16, 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஸ்பெல்லுக்கு 7, நாளுக்கு 18. நெட் பயிற்சியில் போடுவதையும் எண்ண வேண்டும். நம் ஊரில் அதை யாரும் எண்ணுவதே இல்லை.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011 நவம்பரில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி ஆட்ட நாயகன் ஆனார். இரண்டாவது டெஸ்ட் எப்போது தெரியுமா? 2017 மார்ச், ராஞ்சியில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் முதுகும் மற்ற காயங்களும் தின்றன. அவருக்குப் பின்னால் ஆஸ்திரேலிய வாரியமே நின்றது. உங்கள் பையனுக்குப் பின்னால் நீங்கள் மட்டும்தான் நிற்கிறீர்கள்.

என் கதையையும் சொல்கிறேன். 22 வயதில் குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது வலது இடுப்பில் சுருக்கென்றது. அணியில் சொன்னேன். "எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாப் போயிடும், நாளைக்கு முதல் ஓவர் நீதான்" என்றார்கள். நீவி விட்டுப் போட்டேன். அந்த சீசன் முழுக்கப் போட்டேன். அடுத்த எட்டு மாதம் பாயில் கிடந்தேன். திரும்பி வந்தபோது பழைய வேகம் வரவில்லை.

ஆகவே: வாரத்துக்கு நான்கு நாள் மட்டும் பந்து வீச்சு. ஒரு நோட்டில் தினமும் எத்தனை பந்து என்று எழுதுங்கள். டென்னிஸ் பந்து டோர்னமென்ட் வேண்டவே வேண்டாம். சாதாரண டென்னிஸ் பந்து 58 கிராம் சுமார், தோல் பந்து 156-க்குக் குறையாது. மாற்றி மாற்றிப் போட்டால் தோளுக்கும் குழப்பம், கைக்கும் குழப்பம். முதுகில் ஒரு பக்கமாக வலி, பின்னால் வளையும்போது அதிகம் என்றால் நீவுகிறவரிடம் போகாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

ஏற்காடு, எஸ்டேட்டில் வேலை பார்க்கும் குடும்பத்துப் பையன்: சார், நானும் பவுலர்தான். மலைப் பாதையில ஓடினா ஸ்டாமினா வருமா?

ஏறி ஓடு, நல்லது. இறங்கி ஓடாதே, முழங்காலும் கணுக்காலும் போய்விடும். இறங்கும்போது நட, இல்லாவிட்டால் பஸ் பிடி. இருபது கொண்டை ஊசி வளைவில் லாரிக்காரன் உன்னைப் பார்ப்பான் என்று நம்பாதே.

அஸ்தம்பட்டி, ஒரு தாத்தா: பேரன் பேட்டிங்கும் பண்றான், பவுலிங்கும் போடறான். எதை விடச் சொல்லலாம்?

எத்தனை வயது என்று எழுதவில்லை ஐயா. 16-க்குக் கீழே என்றால் எதையும் விட வேண்டாம். டெண்டுல்கரே 1987-இல் சென்னை எம்ஆர்எஃப் வேகப்பந்துப் பயிற்சி மையத்துக்கு வேகப்பந்து வீச்சாளராக வேண்டும் என்றுதான் போனார். அங்கே பயிற்சி தந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, போய் பேட்டிங்கைக் கவனி என்று அனுப்பிவிட்டார்.

ஆத்தூரிலிருந்து ஒருவர்: வைபவ் சூர்யவன்ஷி 14 வயசுல ஐபிஎல்ல 35 பந்துல நூறு அடிச்சான். நீங்க என்னமோ 16 வயசுப் பையனைப் பொத்திப் பொத்தி வைக்கச் சொல்றீங்க?

அவன் பேட்டர். கண்ணும் கையும் 14-இல் முற்றலாம், முதுகெலும்பு முற்றாது. வேகப்பந்து வீச்சாளனை 21-க்கு முன்னால் எடை போடுகிறவனை நான் நம்புவதில்லை.

மேட்டூர், ஓர் அப்பா: ஒரு அகாடமியில வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் கேக்கறாங்க. ஸ்டேட் டீம்ல போட்டுத் தரோம்ங்கறாங்க.

ஓடிவிடுங்கள். செலக்‌ஷனை யாராலும் விற்க முடியாது, விற்கிறேன் என்கிறவன் உங்கள் ஆசையைத்தான் விற்கிறான். நல்ல இடமா என்று பார்க்கப் போகும்போது நெட்டைப் பார்க்காமல் ஓடி வரும் பாதையைப் பாருங்கள். சிமெண்ட் தரையில் பையன்கள் ஓடி வந்து குதித்தால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

பையனின் அம்மா: படிப்பு என்ன ஆகும்ங்க? இதுல வருமானம் வருமா?

வரும், வருகிறவர்களுக்கு. 2021-இல் வாரியம் அறிவித்தபடி ரஞ்சியில் பதினோரு பேரில் இருந்தால் புதியவருக்கு நாளுக்கு 40,000 ரூபாய், 40 ஆட்டத்துக்கு மேல் ஆடியவருக்கு 60,000. அண்டர்-19-க்கு 20,000. ஏழு லீக் ஆட்டம், நான்கு நாள் வீதம், எல்லாம் ஆடினால் புதியவருக்கு 11 லட்சம் தாண்டும். ஆனால் தமிழ்நாடு முழுக்க அந்தப் பதினோரு பேரில் வேகப்பந்துக்கு மூன்று இடம்தான். சில நேரம் சுழலுக்காக அதிலும் ஒன்று குறையும்.

அதனால் பிளஸ் டூவை விடாதீங்கம்மா. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயும் எடுக்கிறது. அதற்கும் சான்றிதழ் கேட்பார்கள், படிப்பும் கேட்பார்கள்.

கொண்டலாம்பட்டி: கடைசியா நம்பர் சொல்லுங்கண்ணா. எவ்வளவு தேறுவான்?

என் மனக்கணக்கு இது. இரண்டு வருஷத்தில் மாநில அண்டர்-19 உத்தேசப் பட்டியலுக்கு வருவது அரைக்கு அரை. சென்னையில் முதல் டிவிஷன் கிளப், முதுகு தாங்கினால் அநேகமாக உறுதி. ரஞ்சி, பத்தில் ஒன்று. உள்ளே வரும் பந்தைக் கற்றுக்கொண்டால் பத்தில் இரண்டு. ஐபிஎல் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

பையனின் தாய்மாமா: நான் ஏதாவது வாங்கித் தரணும்னு ஆசைப்படறேன். பேட், கிட்பேக்?

அவன் ஷூவைப் பார்த்தீர்களா மாமா? இடது ஷூவின் பெருவிரல் பக்கம் பிய்ந்து சாக்ஸ் தெரிகிறது. பின்காலை இழுத்து விடும்போது ஒவ்வொரு பந்துக்கும் அந்த முனைதான் தேய்கிறது. அந்தப் பிய்ச்சலை அவன் செல்லோ டேப் சுற்றி மறைத்து வைத்திருக்கிறான், வீட்டில் செலவு வைக்கக் கூடாது என்று. வேகப்பந்துக்கென்று இருக்கும் ஸ்பைக் ஷூ ஒரு ஜோடி, சாயங்கால நேரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு போய், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள். வாங்கிய கையோடு செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து, இடது முனையில் தடித்த தோல் ஒன்று வைத்துத் தைத்துவிடுங்கள்.